பூக்கூடையும் காய்கறிக்கூடையும்

திருவொற்றியூர்த் திருத்தலத்தில் தியாகராசப் பெருமானையும் வடிவுடை நாயகியையும் வழிபட்டுத் திரும்பும் அடியவர்களுள் பலர், மகிழ மரத்தடியில் சற்று நின்று கைகூப்புவது வழக்கம். சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரமூர்த்தி நாயனார் சூளுரைத்த இடம் அது. மாசிப் பெருவிழாவில் நிகழும் மகிழடி சேவை அந்த வரலாற்றையே ஆண்டுதோறும் நம் கண்முன் நிறுத்துகிறது.

சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றைச் சொல்லிச் செல்லும் முறையைக் கூர்ந்து நோக்கினால், அது தொடக்கம் முதல் மலர்களாலேயே தொடுக்கப்பட்டிருப்பது விளங்கும். கயிலையில் ஆலாலசுந்தரர் இறைவனுக்கு மலர் கொய்ய நந்தவனம் சென்றார். அம்மைக்கு மலர் பறிக்க வந்த அநிந்திதை, கமலினி என்னும் சேடியர் இருவரையும் அங்கேதான் கண்டார். அக்கணத்தில் எழுந்த விருப்பமே மூவரையும் மண்ணுலகுக்கு அழைத்து வந்தது. கமலினியார் திருவாரூரில் பரவையாராகவும், அநிந்திதையார் ஞாயிறு என்னும் ஊரில் சங்கிலியாராகவும் தோன்றினர். சங்கிலியார் திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி, பூமண்டபத்தில் திரைக்குப் பின்னிருந்து பெருமானுக்கு மாலை தொடுத்து வந்தார். தொடுத்த மாலையைக் கொடுப்பதற்காகத் திரை நீங்கிய வேளையில்தான் சுந்தரர் அவரைக் கண்டார். நந்தவனத்தில் தொடங்கியது பூமண்டபத்தில் வந்து கூடியது.

இவ்வரலாற்றில் பலரும் கருதிப் பாராத செய்தி ஒன்று உண்டு. சங்கிலியார் உழவுக் குடியிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஞாயிறு கிழவர், வேளாளர் குலத்தவர். செங்குன்றத்திற்கு அப்பால் உள்ள அந்த ஞாயிறு கிராமத்தில் எழுந்தருளியுள்ள ஈசனுக்குப் புஷ்பரதேஸ்வரர் என்பது திருநாமம். விளைநிலத்தை அறிந்த வீட்டிலிருந்துதான் அந்தப் பூத்தொண்டு வந்தது. காய்க்கும் கொடி வேறு, பூக்கும் செடி வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. கொல்லைப்புறத்தில் அவரைப் பந்தலும் நந்தியாவட்டையும் அடுத்தடுத்தே நின்றன. கிணற்றடி நீர் பாயும் வாய்க்காலில் வாழையும் கனகாம்பரமும் ஒரே தண்ணீரைக் குடித்தன.

திருவொற்றியூரிலிருந்து நெடுஞ்சாலை வழியே தெற்கே வந்தால் தண்டையார்பேட்டை. 1693ஆம் ஆண்டில் எழும்பூர், புரசைவாக்கம் ஆகிய ஊர்களோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பழைய சிற்றூர் இது. இன்று ஒரு புறம் துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, மறுபுறம் எண்ணெய்க் கிடங்குகள், தலைக்கு மேலே மெட்ரோ ரயில் பாலம், கிழக்கே உப்புக்காற்று. கொல்லைப்புறம் என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்ட தெருக்களில், பக்தியுள்ள குடும்பங்களுக்கு எஞ்சியிருப்பது மொட்டை மாடி ஒன்றுதான். அங்கேதான் துளசி மாடம் இருக்கிறது. நாலைந்து பூச்செடிகள் இருக்கின்றன. அண்மைக் காலமாகத் தக்காளியும் கத்தரியும் பாகலும் புடலும் பைகளில் வளர்கின்றன. 2013ஆம் ஆண்டையொட்டித் தமிழகத் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டம் பலரை இந்தப் பக்கம் திருப்பியது. வளர்ப்புப் பைகளும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளும் காய்கறி விதைகளும் மானிய விலையில் ஒரே தொகுப்பாகக் கிடைத்ததால், பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் ஆர்வத்தோடு தொடங்கினர்.

தொடங்கியவர்களுள் பலரும் சொல்லும் குறை ஒன்றே. கொடி செழிக்கிறது, பூக்கிறது, பிஞ்சும் தெரிகிறது. ஆனால் நாலே நாளில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரம் இடுகிறார்கள். கண்ணேறு என்று எண்ணிச் சுற்றிப் போடுபவர்களும் உண்டு. இரண்டும் பயன்படுவதில்லை. பெரும்பாலான மாடிகளில் உண்மைக் காரணம் விடியற்காலையில் நிரம்பும் பூக்கூடைதான்.

வண்டு வராத மாடி

பாகல், புடல், பீர்க்கு, சுரை, பூசணி ஆகிய கொடிகளில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. பெண்பூவின் அடியில் சிறுவிரல் நுனியளவில் பிஞ்சு ஒன்று முன்னரே இருக்கும், ஆண்பூவுக்கு வெறுங்காம்புதான். ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவைச் சென்று சேர்ந்தால்தான் அந்தப் பிஞ்சு காயாகும். சேராவிட்டால் உதிரும். காற்று இந்த வேலையைச் செய்வதில்லை. தேனீயோ வண்டோ அந்துப்பூச்சியோ வந்தாக வேண்டும்.

அவை மாடிக்கு வருவதற்கு ஏதேனும் உணவு வேண்டும் அல்லவா? ஒரு பாகற்கொடியின் சிறு பூக்களுக்காக மட்டும் மூன்றாம் மாடி வரை ஒரு தேனீக் கூட்டம் ஏறி வராது. நாள்தோறும் தேன் கிடைக்கும் இடம் என்று அவை பழகியிருக்க வேண்டும். வீட்டிலோ, விடியுமுன் ஒரு பூ விடாமல் பறித்துப் பூசையறைக்குக் கொண்டுபோய்விடுகிறோம். கதிரவன் எழுந்து தேனீ புறப்படும் நேரத்தில் மாடியில் பச்சை இலை மட்டும் நிற்கிறது. சில நாள் வந்து பார்த்த தேனீயும் பிறகு வேறு திசையை நாடிவிடுகிறது.

வண்டு மொய்க்குமுன் மலர் கொய்ய வேண்டும் என்பது பூத்தொண்டர் மரபு. திருப்புகலூரில் முருக நாயனார் வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் தனித்தனிக் கூடைகளில் கொய்த செய்தியைப் பெரிய புராணம் கூறும். ஆகவே, வைகறையில் பறிப்பதை விட்டுவிடுங்கள் என்று பெரியவர்களிடம் சொல்வது முறையாகாது. சொன்னாலும் கேட்கமாட்டார்கள், கேட்க வேண்டியதும் இல்லை. முருக நாயனார் கொய்தது பெரிய நந்தவனத்தில். பத்துக் கூடை பறித்தாலும் பத்தாயிரம் பூக்கள் கிளையிலேயே நின்றிருக்கும். எட்டுத் தொட்டி உள்ள மாடிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. எந்தப் பூவை முழுதும் பறிக்கலாம், எதைச் செடியில் விட வேண்டும் என்று அறிந்துகொண்டால் பூசைக்கும் குறைவராது, பந்தலுக்கும் குறைவராது.

அடுக்கு நந்தியாவட்டையையும் அடுக்குச் செம்பருத்தியையும் தயங்காமல் முழுதும் பறிக்கலாம். அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும். தேனீக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. மல்லிகையும் முல்லையும் மொட்டாகவே பறிக்கப்படுபவை. அவை மலர்வதும் இரவில்தான். பவழமல்லி எல்லாவற்றிலும் மேலானது. இரவில் மலர்ந்து, அந்துப்பூச்சிகளுக்கு விருந்து வைத்து, தன் கடமை முடிந்த பின் விடியலில் தானாக உதிர்கிறது. தரையில் விழுந்த பூவைப் பூசைக்கு எடுக்கக்கூடாது என்னும் விதியிலிருந்து பவழமல்லிக்கு மட்டும் நம் பெரியோர் விலக்கு அளித்திருப்பது எத்துணை நுட்பமான ஏற்பாடு!

துளசியின் நிலை வேறு. தேனீக்கள் மிகவும் விரும்பி வருவது துளசிக் கதிருக்குத்தான். பெருமாளுக்கு மஞ்சரியோடு சாத்துவது சிறப்பு என்பதால் கதிர் வந்தவுடன் கிள்ளிவிடுகிறோம். செடி தழைக்கட்டும் என்பதற்காகவும் கிள்ளுகிறோம். மாடத்துத் துளசியைக் கிள்ளுங்கள். அதன் விதையிலேயே இன்னொரு செடியை வளர்த்துப் பாகற்பந்தலின் அருகே வைத்து, அதன் கதிரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பத்து நாளில் கொசுத்தேனீக்கள் வரத் தொடங்கும். கொசுவைவிடச் சற்றே பெரிய, கொட்டாத, கருநிறச் சிறு தேனீக்கள் அவை. சுவர் விரிசல்களிலும் பழைய கட்டட இடுக்குகளிலும் கூடு கட்டி, தண்டையார்பேட்டை போன்ற நெருக்கடியான இடங்களிலும் பிழைத்திருப்பவை. அவற்றின் கூட்டைச் சுண்ணாம்பு பூசி அடைத்துவிடாமல் இருந்தாலே போதும்.

தும்பையும் அப்படித்தான். சிவபெருமானுக்கு மிக உகந்த அந்தச் சிறு வெண்பூ, தொட்டிகளில் தானாக முளைக்கும். களை என்று பிடுங்கி எறிபவர்களே மிகுதி. ஒரு தொட்டியை அதற்கென்று ஒதுக்கினால் சோமவாரத்திற்குப் பூவும் கிடைக்கும், வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் நாள் முழுதும் வரும். கொத்தமல்லி பூக்கத் தொடங்கியதும் இனிப் பயனில்லை என்று பிடுங்கிவிடுவார்கள். அதில் இரண்டு செடிகளைப் பூக்க விடலாம். அந்த வெண்ணிறப் பூங்கொத்துக்கு வரும் மிதவை ஈக்களின் புழுக்கள், அவரையில் அப்பிக்கொள்ளும் அசுவினியைத் தின்னும்.

சங்குப்பூவை அவரையோடு ஒரே பந்தலில் ஏற்றலாம். பயறு இனத்தைச் சேர்ந்த கொடியாதலால் அதன் வேரில் சிறு முடிச்சுகள் உண்டாகி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். கொடி முதிர்ந்து காய்ந்தபின் வேரோடு பிடுங்காமல் அடியில் வெட்டிவிட்டால் அந்தச் சத்து பைக்குள்ளேயே தங்கும்.

பறித்தே தீர வேண்டிய பூ

மேற்சொன்னவை செடியில் விட வேண்டிய பூக்கள். இதற்கு நேர்மாறாக, நாள்தோறும் பறித்தே ஆக வேண்டிய பூ ஒன்று உண்டு. துலுக்கச் சாமந்தி என்றும் செண்டுமல்லி என்றும் வழங்கும் மஞ்சள், செம்மஞ்சள் நிறப் பூ அது.

தக்காளியைக் குடைந்து பாழாக்கும் பச்சைப் புழுவை அறியாதவர் இல்லை. அதன் தாய் அந்துப்பூச்சி, தக்காளியும் செண்டுமல்லியும் அருகருகே இருந்தால், செண்டுமல்லியின் மொட்டையும் பூவையுமே முட்டையிடுவதற்கு விரும்பி நாடும். இதனால்தான் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடுமாறு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. 25 நாள் தக்காளி நாற்றை நடும்போது 40 நாள் செண்டுமல்லி நாற்றை நட வேண்டும் என்பது அதிலுள்ள நுட்பம். தக்காளி பூக்கும் வேளையில் செண்டுமல்லியும் பூத்திருந்தால்தான் பூச்சி திசை மாறும். பிந்திப் பூத்தால் பயனில்லை. மாடியில் 16 வரிசைக்கு இடமேது? நான்கைந்து தக்காளிப் பைகளுக்கு ஒரு செண்டுமல்லித் தொட்டி வைத்தால் போதுமானது.

செண்டுமல்லியை நட்டுவிட்டு அப்படியே விடுவதுதான் பலர் செய்யும் பிழை. பூவில் இட்ட முட்டை பொரித்துப் புழுவானால், அந்தத் தொட்டியே புழுக்களின் பிறந்தகமாகிவிடும். மொட்டவிழ்ந்த பூவை நாள்தோறும் பறிக்கும் கைதான் அதைத் தடுக்கிறது. பூசைக்காகப் பறிக்கும் அந்தச் செயலே தக்காளிக்குக் காவலாகவும் அமைகிறது. புழுவோ ஓட்டையோ உள்ள பூவை மட்டும் சோப்பு நீரில் போட்டு அழித்துவிட வேண்டும். கண்பார்வை மங்கிய பெரியவர்கள் பேரப்பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு பறிப்பது நல்லது.

செண்டுமல்லியின் வேருக்கும் ஒரு குணம் உண்டு. அதிலுள்ள ஒரு பொருள், மண்ணில் வாழ்ந்து கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றின் வேரைத் துளைக்கும் நூற்புழுக்களுக்கு நஞ்சு. நூற்புழு தாக்கிய செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரே வீங்கி முண்டுமுண்டாக இருக்கும். சங்குப்பூ வேரில் காணும் நன்மை தரும் முடிச்சு விரலால் தேய்த்தால் உதிரும், இது உதிராது. அத்தகைய பையில் அடுத்த மூன்று மாதம் செண்டுமல்லியை மட்டும் நெருக்கமாக வளர்த்தால் நூற்புழு குறையும். இதற்கு எதிர்க்குணம் உடையது கனகாம்பரம். நூற்புழுவுக்கு எளிதில் இரையாகும் செடியாதலால், கனகாம்பரம் நின்று பட்டுப்போன தொட்டி மண்ணைக் கத்தரிக்கு இடுவது நோயைக் கையால் எடுத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

செண்டுமல்லியைச் சுவாமிக்குச் சாத்துவதில்லை என்னும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அவர்கள் வாயிற்படித் தோரணத்திற்கும் கோலத்திற்கும் பயன்படுத்தலாம். செண்டுமல்லி நம் மண்ணுக்குப் பழைமையானதன்று என்பதும் உண்மையே. மெக்சிகோ நாட்டுப் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்தது அது. ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்தால் தக்காளியும் மிளகாயும் அதே திசையிலிருந்து வந்த விருந்தாளிகள்தாம். திதி நாளில் நாட்டுக் காய்கறி மட்டும் சமைப்பதும், பல திருக்கோயில் மடைப்பள்ளிகளில் இன்றும் மிளகாய்க்குப் பதிலாக மிளகையே சேர்ப்பதும் அந்த நினைவின் தொடர்ச்சிகள். தன் ஊரில் தனக்குத் துணை நின்ற செடியையே, கடல் கடந்து வந்த பின்னும் தக்காளிக்குத் துணையாக நட்டுக்கொள்கிறோம் என்று கருதினால் அதில் ஒரு பொருத்தம் புலப்படும்.

விலகி நிற்க வேண்டியவை

இறைவனுக்கு உகந்த பூ எல்லாம் காய்கறிக்கும் உகந்தது என்று கொள்ளலாகாது. இதில் கவனம் தவறினால் ஆபத்து உயிர்வரை செல்லும்.

அரளியின் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் நஞ்சு. உப்புக்காற்றைத் தாங்கும் செடியாதலால் கடற்கரையை ஒட்டிய இப்பகுதி மாடிகளில் அது நன்றாக வளரும். கைப்பிடிச் சுவரோரம் வைத்தால் காற்றுத் தடுப்பாகவும் உதவும். ஆனால் அதன் இலை உதிர்ந்து கீரைப் பையில் விழுந்து, கீரையோடு சேர்த்து அறுக்கப்பட்டால் என்ன ஆகும்? அரளிக்கும் கீரைக்கும் இடையே மாடியின் முழு அகலமும் இருக்கட்டும். அரளி பறித்த கையைக் கழுவாமல் கறிவேப்பிலை ஒடிக்க வேண்டாம். நித்தியகல்யாணியும் உப்பைத் தாங்குவது, உண்ணத்தகாதது. அதற்கும் இதே விதி. ஊமத்தை தக்காளி, கத்தரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றைத் தாக்கும் பூச்சிகளுக்கு ஊமத்தையும் இருப்பிடம். மேலும் அதன் விதை கொடிய நஞ்சு. குழந்தைகள் நடமாடும் வீட்டு மாடியில் அதை வளர்க்காமல், பிரதோஷத்திற்கு வேண்டியதைக் கோயில் வாயிலில் வாங்கிக்கொள்வதே நல்லது. விநாயகருக்குரிய எருக்கின் பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும்.

செம்பருத்தியில் நஞ்சில்லை, அதற்கு வேறொரு குறை. வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம். செம்பருத்தியின் குருத்தில் வெள்ளை மாவைப்போல் படியும் மாவுப்பூச்சி, எறும்புகளின் உதவியால் வெண்டைக்கும் கத்தரிக்கும் பரவும். இரண்டையும் மாடியின் இரு கோடியில் வைத்து, செம்பருத்தியின் நுனிகளை வாரம் ஒருமுறை தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

பூச்சி மிகுந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, பொழுது சாய்ந்த பின் தெளிக்கலாம். காலையில் தெளித்தால் தேனீ விலகும். கடையில் விற்கும் இரசாயன மருந்தை மாலையில் அடித்துவிட்டு, மறுநாள் காலையில் அதே செடியின் பூவைச் சுவாமிக்குச் சாத்தி, அதே மாடியின் காயை நைவேத்தியம் செய்வதை என்னென்று சொல்வது?

மண்ணும் நீரும்

தண்டையார்பேட்டையில் தோட்டம் இடுபவர்கள் பிற ஊர்க்காரர்களைவிட ஒருபடி கூடுதலாக எச்சரிக்கை கொள்ள வேண்டியிருக்கிறது. 2013ஆம் ஆண்டில் இப்பகுதியின் சில இடங்களில் நிலத்தடி நீரில் எரிபொருள் எண்ணெய் கலந்திருந்தது தெரியவந்து, வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஆழ்துளைக் கிணற்று நீரில் வாடையோ, மேலே வானவில் நிறத்தில் படலமோ தெரிந்தால், அந்நீரைப் பூச்செடிக்குக்கூட ஊற்றக்கூடாது. எண்ணெய் இல்லாத இடங்களிலும் கடல் அருகில் இருப்பதால் கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கும். பீன்ஸ் செடி உப்பைச் சிறிதும் தாங்காது. இலையின் ஓரம் கருகுவதே முதல் அடையாளம். குடிநீர் வாரியத்தின் நீர் பாதுகாப்பானது. காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு முதல் இயங்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. வடசென்னைக் குழாய்களில் வருவதில் அதன் பங்கும் உண்டு. அவ்வளவு பாடுபட்டு வரும் நீரைச் செடிக்கு ஊற்றுவதா என்று தயங்குபவர்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீர் இருக்கவே இருக்கிறது. நான்கு தொட்டிகளுக்கு அதுவே போதும். தொட்டியின் அடித்தட்டில் மட்டும் நீர் தேங்கலாகாது. அங்கேதான் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது.

சாலையோர மண்ணை அள்ளிப் பையில் நிரப்புவது கூடாது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நின்றுபோனாலும், அதற்கு முன் பல்லாண்டுகள் படிந்த ஈயம் மண்ணைவிட்டு எளிதில் போவதில்லை. தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம், நல்ல இடத்துச் செம்மண் ஆகியவற்றின் கலவையே ஏற்றது. இதில் எடையும் ஒரு காரணம். ஈரமான மண் ஒரு கன அடி ஏறத்தாழ 45 முதல் 50 கிலோ இருக்கும். இப்பகுதியின் பழைய வீடுகளில் மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட தளங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் நடுவே தொட்டிகளை வரிசையாக வைப்பது வீட்டுக்கே கேடு. சுவருக்கு நேர் மேலே, ஓரத்தில் மட்டும் இலேசான பைகளை வைக்கலாம்.

லாரிப் புழுதி இலையில் படிந்தால் செடி மூச்சு முட்டி நிற்கும். வாரம் இருமுறை காலையில் இலைகளின் மேல் நீர் தெளித்துக் கழுவுவது மழைக்கு ஈடானது.

நிர்மால்யத்தைப் பற்றிப் பல பெரியவர்களுக்கு ஐயம் உண்டு. சுவாமிக்குச் சாத்திக் களைந்த பூவைக் குப்பையில் போட மனம் வருவதில்லை. கடலில் கரைக்க நாள்தோறும் காசிமேட்டுக்குச் செல்லவும் இயலாது. கால்படாத இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதுதானே முறை? செடித் தொட்டியைப் போல் கால்படாத இடம் வேறேது? மூடியுள்ள ஒரு மண்பானையில் நிர்மால்யத்தையும் காய்ந்த இலையையும் மாறி மாறி இட்டு, சிறிது புளித்த மோர் தெளித்து வைத்தால் இரண்டு மூன்று மாதங்களில் மணமுள்ள உரமாகிவிடும். நாரில் தொடுத்த பூவை அப்படியே இடலாம். நைலான் நூலும் சரிகைத் தாளும் இருந்தால் நீக்கிவிட வேண்டும். சாயக் குங்குமம் படிந்த பூக்களைத் தவிர்ப்பது நலம். கடைப் பூவில் மருந்தடித்திருக்கக் கூடுமாதலால், அந்த உரத்தைக் கீரைக்கு இடாமல் பூச்செடிகளுக்கும் கொடிகளுக்கும் இடலாம். மாடியிலேயே பூத்த பூவின் உரத்திற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மார்கழிக்கு ஒரு கொடி

பூவையும் காயையும் சேர்த்துப் பேணும் அறிவு நம் வீடுகளில் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு மார்கழிக் கோலமே சான்று. விடியற்காலைக் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரில் செருகப்படும் அந்தப் பொன்னிறப் பூசணிப்பூ, கொடியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பறிக்கப்பட்டதன்று. இருட்டில் கொடியைத் தடவிப் பார்த்து, அடியில் பிஞ்சில்லாத பூவை மட்டும் பாட்டிமார் பறித்தனர். அதாவது ஆண்பூவை மட்டும். அதிலும் இரண்டொன்றைக் கொடியிலேயே விட்டனர். ஆண்பூ முந்திப் பூப்பது, எண்ணிக்கையில் மிகுவது, நண்பகலுக்குள் வாடிவிடுவது. பிஞ்சுள்ள பெண்பூவைப் பறித்த சிறுமிக்குக் கிடைத்த வசவு அவள் ஆயுள் முழுதும் நினைவில் நின்றது. கோலத்துக்கும் பூ, பொங்கலுக்கும் காய் என்னும் இரண்டையும் அந்த ஒரு விதி காத்தது.

தேனீ இன்னும் பழகாத மாடியில் அதே ஆண்பூவை வேறு வேலைக்கும் பயன்படுத்தலாம். பூசணியாயின் காலை ஆறு மணி முதல் ஒன்பது மணிக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டிலுள்ள மகரந்தம் பெண்பூவின் நடுவில் ஒட்டுமாறு மெல்லத் தொட வேண்டும். பாகலுக்கும் காலையே உகந்தது. பீர்க்கு மாலையில் மலரும்; புடலும் சுரையும் பொழுது சாய்ந்த பின் மலரும். அவற்றுக்கு விளக்கேற்றி முடித்த நேரமே சரியான நேரம். இரவெல்லாம் மாடியில் வெண்ணிற விளக்கு எரிந்தால் புடலைத் தேடிவரும் அந்துப்பூச்சி விளக்கையே சுற்றிக்கொண்டிருக்கும். கொடி பூக்கும் நாள்களிலாவது அதை அணைத்து வைக்கலாம்.

மற்றக் கொடிகளுக்கு ஆடிப்பட்டமே சிறந்தது. ஆனால் மார்கழிக் கோலத்திற்குப் பூ வேண்டுவோர் ஐப்பசி பிறந்தவுடன் மஞ்சட்பூசணி விதையை ஊன்ற வேண்டும். விதைத்து ஏறக்குறைய ஐம்பது நாளில் ஆண்பூ வரத் தொடங்கும். சென்னையின் அடைமழை அந்த மாதங்களில்தான் பெய்யுமாதலால், விதையை மழை நேரே விழாத சுவரோரத்தில் பெரிய தொட்டியில் ஊன்றி, அடித்துளைகளில் ஓட்டாஞ்சில்லு வைத்து, கொடியை மட்டும் வெயில் படும் பக்கமாக இழுத்துவிடலாம். தொட்டிக்கு இரண்டு விதை போதும். இரண்டும் முளைத்தால் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். பக்கத்து மாடிகளிலும் பூ இருந்தால் தேனீ அந்தத் தெருவைவிட்டு எளிதில் போகாது.